என் ரேஞ்சருக்கு ஒரு வேட்டைத் தெய்வம் வேண்டும்: அர்டுவின்னா என்ன கேட்பாள்?

அமுதா, மர்பி டவுன், பெங்களூரு

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த புத்தகம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவள். ஆடுகிறவர்கள் நாலு பேர்: என் அண்ணன் மகள் யாழினி, ஒன்பதாவது படிக்கிறாள், அவளுடைய சிநேகிதி ஒருத்தி, கீழ்வீட்டுப் பையன், நான் கணக்கு எழுதும் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் லோகு அண்ணன். பேச்செல்லாம் தமிழில்தான். டி20 (இருபது முகப் பகடை), ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்ற முறை) மாதிரி சொற்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

யாழினியின் கேரக்டர் ஒரு ரேஞ்சர், காட்டில் தடம் பார்த்து வேட்டையாடுகிறவள். ஒரு வில், ஒரு நாய், ஒரு கிழிந்த போர்வை, அவ்வளவுதான் சொத்து. நாயின் பெயர் கருப்பி. கதை நடக்கும் இடத்தைப் பழங்கால ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்டியர்களின் நாடு மாதிரி காடும் சதுப்பும் பனியுமாக வைத்திருக்கிறேன். தன் ரேஞ்சர் கும்பிட ஒரு வேட்டைத் தெய்வம் வேண்டும் என்றாள். புத்தகத்தின் பின்பக்கத்தில் கெல்டிக் தெய்வங்கள் பட்டியல் இருக்கிறது. லூக், மோரிகன், நுவாடா எல்லாம் உண்டு. காட்டுக்கு சில்வானஸ் உண்டு, ஆனால் அவர் ரோமர்களின் தெய்வம். வேட்டைக்கென்று ஒரு பெண் தெய்வம் அதில் இல்லை. தேடிப் பார்த்து அர்டுவின்னாவைப் பிடித்தேன். ஆர்டென் காட்டின் தெய்வம். இன்றைய பெல்ஜியம், லக்சம்பர்க், வடகிழக்கு பிரான்ஸ் மூன்றிலும் கிடக்கிற காடு அது. காட்டுப்பன்றி மேல் உட்கார்ந்து வரும் பெண்ணாகப் படம் போடுகிறார்கள்.

ஒரு பக்கத்துக்கு எழுதி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். டொமைன் (தெய்வம் ஆளும் துறை) இயற்கை, ஆயுதம் வில், வாகனம் பன்றி. கும்பிடுகிற ரேஞ்சருக்குத் தடம் பார்ப்பதில் கூடுதல் பலம். இரையைக் குறிவைக்கும் ஹண்டர்ஸ் மார்க் மந்திரம் ஒரு நாளைக்கு ஒரு தடவை இலவசம். காட்டு விலங்கு முதலில் தாக்காது. யாழினி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அத்தை, இதுல எல்லாம் சாமி குடுக்கறதுதான் இருக்கு. சாமி என்ன கேக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

எங்கள் குலதெய்வம் போளூர் பக்கம் பச்சையம்மன். தாத்தா காலத்திலேயே இங்கே வேலைக்கு வந்துவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பொங்கல் வைக்காமல் இருந்ததில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் பாட்டி ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பாள். ஊருக்குப் போகும்போது அந்த முடிச்சுகளை எல்லாம் எடுத்துப் போய் உண்டியலில் போடுவாள். எந்த முடிச்சு யாருக்காக என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அம்மை வந்த முடிச்சு, பரீட்சை முடிச்சு, அப்பாவுக்கு வேலை போன முடிச்சு. அம்மன் என்ன தருவாள் என்று பாட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மனுக்கு என்ன தரவேண்டியிருக்கிறது என்பதுதான் அவள் பேச்சு. நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் அந்தக் கணக்கே கிடையாது. வரவு மட்டும் எழுதி, பற்றை எழுதாமல் விட்ட நோட்டு மாதிரி இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். அர்டுவின்னாவுக்கோ அவளைப் போன்ற கெல்டிக் வேட்டைத் தெய்வங்களுக்கோ வேட்டைக்காரர்கள் என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? என் இஷ்டத்துக்கு ரத்தம், சாபம் என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. கிடைத்தால் அதை விதியாக எப்படிக் கொண்டுவருவது? குழந்தைகள் ஆடுகிற ஆட்டம், பயமுறுத்தவும் கூடாது. இன்னொன்று: பன்றி அவள் வாகனம் என்றால் ரேஞ்சர் பன்றியை வேட்டையாடலாமா கூடாதா?

கல்தேடி, பானஸ்வாடி

அமுதாக்கா, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நடுகல் பார்க்கக் கிளம்பிவிடுகிற ஆள். பகடை ஆட்டம் தெரியாது. ஆனால் உங்கள் அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு அப்படியே ஒரு பதில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அர்டுவின்னா. சீசர் காலத்தில் ஆர்டென் காடுதான் காலியா (இன்றைய பிரான்ஸும் அதன் அக்கம்பக்கமும்) நாட்டிலேயே பெரிய காடு, அவரே எழுதியிருக்கிறார். இவள் பெயர் தெளிவாக வரும் கல்வெட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று ஜெர்மனியில் டியூரன் நகரத்துப் பக்கம் கிடைத்தது. இன்னொன்று ரோம் நகரத்திலேயே கிடைத்தது. ரைம்ஸ் வட்டாரத்து ரெமி குலத்தைச் சேர்ந்த ஒரு சிப்பாய், ரோமில் பேரரசரின் காவல்படையில் வேலை பார்த்தவன், வைத்த கல். அதில் ஐந்து தெய்வங்களின் பெயர் இருக்கிறது. ஜூபிடர், மெர்குரி, ஹெர்குலிஸ் மூவருக்கும் முன்னால், எல்லாருக்கும் முதலாக, அர்டுவின்னா. ஜூபிடருடைய ஊரில் உட்கார்ந்துகொண்டு தன் ஊர்க் காட்டம்மன் பெயரை முதலில் வெட்டச் சொல்லியிருக்கிறான். பிழைக்க வந்த ஊரில் இருந்துகொண்டு போளூர் அம்மனுக்கு முடிச்சு வைத்த உங்கள் பாட்டியை அவனுக்குப் புரிந்திருக்கும்.

பன்றி மேல் பெண் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலை ஜூரா மலைப் பக்கத்தில் கிடைத்தது. அதில் பெயர் எதுவும் பொறிக்கவில்லை. பன்றி ஆர்டென் காட்டின் அடையாளம் என்பதால் இவள்தான் அவள் என்று பிற்காலத்தில் ஒட்டிவிட்டார்கள். ஆட்டத்துக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. இது அறிஞர்களின் ஊகம் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பெயரோடு கிடைத்த சிலை வேண்டுமென்றால் ஆர்டியோவைப் பாருங்கள். 1832இல் சுவிட்சர்லாந்தில் பெர்ன் பக்கத்து முரி என்ற ஊரில் கிடைத்தது. உட்கார்ந்த பெண், அவளுக்கு எதிரே ஒரு கரடி, பின்னால் ஒரு மரம், பீடத்தில் அவள் பெயர். கரடிக்கு அவர்கள் சொல்லே ஆர்டோஸ். ஜெர்மனியின் கருங்காட்டுக்கு அப்னோபா என்று ஒருத்தி, அவளை ரோமர்கள் தங்கள் வேட்டைத் தெய்வமான டயானாவோடு சேர்த்து டயானா அப்னோபா என்று சேர்த்தே எழுதினார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் ஒவ்வொருத்தி.

இனி உங்கள் கேள்வி. 2ஆம் நூற்றாண்டில் அர்ரியன் (Arrian) என்று ஒரு கிரேக்கர் இருந்தார். அலெக்சாண்டரின் படையெடுப்பை எழுதியவர். அவர் நாய் வைத்து வேட்டையாடுவதைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். கெல்டியர்களின் வேட்டை நாய்களைப் பற்றியும் அவர்கள் வழக்கத்தைப் பற்றியும் அதில் நிறைய வருகிறது. கெல்டியர்களில் சிலர் வேட்டைத் தெய்வத்துக்கு ஒரு உண்டியல் வைத்திருந்தார்கள் என்கிறார். கிரேக்கர் என்பதால் அவளை ஆர்டெமிஸ் என்று தன் மொழியில் சொல்கிறார். ஒரு முயல் பிடித்தால் அந்த உண்டியலில் 2 ஓபோல் (கிரேக்கச் சில்லறைக் காசு) போட வேண்டும். நரி என்றால் ஒரு டிராக்மா, அதாவது 6 ஓபோல். மான் என்றால் 4 டிராக்மா, 24 ஓபோல். மானுக்கு அதிகம் ஏனென்றால் பெரிய விலங்கு, மதிப்பும் அதிகம். நரிக்கு ஏன் முயலைவிட அதிகம் தெரியுமா? நரி சூதுக்காரப் பிராணி, முயல்களை அழிக்கிறது, பிடிபட்ட எதிரி மாதிரி என்று காரணம் சொல்கிறார்.

வருடம் திரும்பித் தெய்வத்தின் பிறந்தநாள் வரும்போது உண்டியலைத் திறப்பார்கள். சேர்ந்திருக்கிற காசுக்குத் தக்கபடி ஒரு செம்மறியோ வெள்ளாடோ கன்றோ வாங்குவார்கள். முதல் பங்கு அவளுக்கு. பிறகு எல்லாருக்கும் விருந்து. அன்றைக்கு நாய்களுக்குப் பூமாலை போடுவார்கள், திருவிழாவே நாய்களுக்காகத்தான் என்று காட்டுவதற்கு. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏறக்குறைய 1,900 வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் ஏதோ ஒரு காட்டோரத்தில் ஒரு நாய் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது!

இன்னொன்றும் சொல்கிறார். நல்ல வேட்டைக்காரன் கறிக்காக நாயை விடுவதில்லை, ஓட்டத்தைப் பார்க்கத்தான் விடுகிறான், முயல் தப்பித்துவிட்டால் சந்தோஷப்படுகிறான் என்று. அவரிடமே ஒரு நாய் இருந்தது, பெயர் ஹோர்மே. சாம்பல் நிறக் கண். வீட்டில் இருக்கும்போது கூடவே இருக்கும், வெளியே போனால் பின்னாலேயே வரும். தனக்குப் பின்னாலும் இந்தப் பெயர் நிற்கட்டும் என்பதற்காகவே அதைப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன் என்கிறார். நின்றுவிட்டது, பாருங்கள்.

இதற்கு இணையான ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர் கல்வெட்டு என்று ஒரு நடுகல். மண்டியா மாவட்டத்து மத்தூர் வட்டாரத்திலிருந்து வந்தது. தக்கோலப் போர் நமக்கெல்லாம் தெரியும், 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்த போர். அதில் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று சண்டை போட்டவன் கங்க மன்னன் பூதுகன். அவனுடைய வீரன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சி "என்ன வேண்டும், கேள்" என்றார்கள். அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு பேளத்தூர்க் குன்றுப் பக்கம் அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. நாய்க்காக மணலேரன் கல் நட்டான், பூசைக்கு நிலம் விட்டான். கல்லின் மேல்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் செதுக்கல் இருக்கிறது. பன்றிதான் பெரிது. நாய் அதன் முகத்தையே பிடித்திருக்கும். பாப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

உங்கள் பன்றிக் கேள்விக்குக் கெல்டியர் தரப்பில் ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் முருகன் கோயில்காரன் மயிலை அடிக்க மாட்டான் இல்லையா? அந்த மாதிரி நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

பகடைக்காரன், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

கல்தேடி சார், அந்த உண்டியல் விலைப்பட்டியல் ஒன்றே போதும், முழு கேம்பெயின் ஓட்டலாம். ஒன்பது வருடமாக டிஎம் ஆக இருக்கிறேன், தெய்வத்துக்கு இவ்வளவு தெளிவான விதியை ஆடுகிறவர்கள் தாங்களே எழுதும் எந்த ஹோம்ப்ரூ விதியிலும் பார்த்ததில்லை.

அமுதா, ஒரு எச்சரிக்கை மட்டும். ஆட்டக்காரரை நோட்டில் கணக்கு எழுத வைத்தால் மூன்றாவது செஷனில் மறந்துவிடுவார்கள். அம்பு எண்ணிக்கைக்கே யாரும் கணக்கு வைப்பதில்லை. கையில் எடுத்துப் போடுகிற மாதிரி ஒரு பொருள் வேண்டும். சோழி, கூழாங்கல், புளியங்கொட்டை, எதுவானாலும் சரி. நடுவில் ஒரு உண்டியல். முயல் என்றால் 2, நரி 6, மான் 24. போடும் சத்தம் எல்லாருக்கும் கேட்க வேண்டும். போடாவிட்டால் போடாததும் தெரிய வேண்டும்.

விலைவாசியையும் பார்த்துவிட்டேன். புத்தகத்தில் வெள்ளாடு 1 தங்கக் காசு, செம்மறி 2, பசு 10. ஒரு தங்கக் காசுக்கு 100 செப்புக் காசு. ஒரு கொட்டையை 2 செப்புக் காசு என்று வையுங்கள். அப்போ 50 கொட்டைக்கு ஒரு வெள்ளாடு, 100க்குச் செம்மறி. கன்றுக்குப் புத்தகத்தில் விலை இல்லை, 250 என்று நான் வைப்பேன். ஒரு வருட வேட்டையில் எட்டக்கூடிய கணக்குத்தான்.

தண்டனை என்று இடி, சாபம் எதுவும் வேண்டாம். போடாமல் விட்ட கொட்டைக் கடன் 24ஐத் தாண்டினால் காடு பேசுவதை நிறுத்திவிடும். தடம் பார்க்கும் உருட்டல் எல்லாம் டிஸ்அட்வான்டேஜ், இரண்டு டி20 உருட்டி சின்ன எண்தான் எடுக்க வேண்டும். கருப்பி மோப்பம் பிடித்துக்கொண்டே போய் நடுவில் நின்று திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். ஒரு ரேஞ்சருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உண்டியல் திறக்கும் நாளில் விருந்து சாப்பிட்ட எல்லாருக்கும் ஒரு அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிப் பெரிய எண்), அடுத்த வேட்டையில் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாய்க்குத் தற்காலிக ஹிட் பாயிண்ட். பிடிபட வேண்டிய விலங்கைத் தானாக விட்டுவிட்டால் இன்ஸ்பிரேஷன் (பிறகு ஒரு உருட்டலுக்கு உதவும் பரிசு) கொடுங்கள், அந்த அர்ரியன் சொன்ன முயல் மாதிரி.

நீங்கள் எழுதிய இலவச ஹண்டர்ஸ் மார்க்கை எடுத்துவிடுங்கள் என்பேன். அந்த மந்திரம் மனிதர்கள் மேலும் வேலை செய்யும். மனிதனையோ கோப்ளினையோ கொன்றுவிட்டு யாராவது உண்டியலில் கொட்டை போட வந்தால் என்ன செய்வது என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். கட்டாயம் வரும். என் மேஜையாக இருந்தால் அவள் அதை வாங்க மாட்டாள். அது வேட்டையில் சேராது. அதற்கு விலையும் கிடையாது. மறுநாள் காலையில் அந்தக் கொட்டை உண்டியலுக்கு வெளியே கிடக்கும்.

ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர், ஸ்ரீராம்புரம்

அமுதா, என் பேரன் இந்த இழையை அனுப்பி வைத்தான். விளையாட்டு எனக்குப் புரியவில்லை, கேள்வி நன்றாகப் புரிந்தது.

இவ்வளவு சுற்றுவானேன், கொற்றவையையே வைத்துவிடலாமே என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எயினர் என்ற வேட்டுவர் தங்கள் குலத்துக் குமரியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். கூந்தலை உயர்த்திக் கட்டி, காட்டுப்பன்றியின் வளைந்த கொம்பைப் பறித்துப் பிறைநிலா மாதிரி தலையில் சாத்துகிறார்கள். புலிப்பல் கோத்த தாலி. புலித்தோல் மேகலை. கையில் வில். திருகிய கொம்புடைய கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். நீங்கள் சொன்ன அந்தப் பன்றி இங்கே வாகனமாக வரவில்லை, அதன் கொம்பு தலையில் நிலவாக வருகிறது. முப்பது வருடம் பாடம் நடத்தியும் இந்த இடத்தில் நான் நின்று பார்த்ததில்லை.

பிறகு அந்த வரி வந்தது. எயினர் தங்கள் கழுத்துக் குருதியைக் காட்டிச் சொல்கிறார்கள்: இது உன் அடிதொடு கடன், இதைக் கொள், நீ தந்த "விறல்தரு விலையே" என்று. வெற்றி தந்ததற்கு விலை. கடன், விலை, இரண்டு சொல்லும் அங்கே இருக்கின்றன. உங்கள் அண்ணன் மகள் கேட்டது இதைத்தான்.

அதனாலேயே கொற்றவையை வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். அவள் கேட்கும் விலை வேறு. அவள் மாடு கவரும் ஆகோள் பூசலுக்கும் போருக்கும் துணை போகிறவள், அந்த விலையைக் குழந்தைகள் உண்டியலில் போட முடியாது. அர்டுவின்னாவின் பெயரை மாற்றித் தமிழ்ப் பெயர் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சிப்பாய் ரோமில் இருந்துகொண்டே ஊர்ப் பெயரை மாற்றாமல் வெட்டினானே, அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் எழுதும் பக்கத்தில் அவளைத் தேவதை என்று எழுதாதீர்கள். இப்போது தேவதை என்றால் பிள்ளைகள் கண்ணுக்கு இறக்கை முளைத்த பெண்தான் தெரிகிறாள். தெய்வம் என்றே எழுதுங்கள். அடைமொழி வேண்டுமென்றால் காட்டுக்குரியவள் என்று எழுதலாம். காடுகிழாள் என்று அழகான சொல் உண்டு, ஆனால் அது கொற்றவையின் பெயர், அவளிடமே இருக்கட்டும்.

அமுதா, மர்பி டவுன், பெங்களூரு

மூன்று பேருக்கும் கைகூப்பி நன்றி. டீச்சர், "தெய்வம்" என்று திருத்திவிட்டேன். இரண்டு ஞாயிறு ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

அல்சூர் மார்க்கெட்டில் ஒரு மண் உண்டியல் வாங்கினேன். புளியங்கொட்டை வீட்டிலேயே இருந்தது. கழுவி மாடியில் காயவைத்து, ஆளுக்கு ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தேன். பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அவள் கேட்பது முதலில், அவள் தருவது கடைசியில், அதுவும் மூன்றே வரி.

முதல் ஞாயிறு முயலும் நரியுமாகப் போனது. கொட்டை விழுகிற சத்தம் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் விளையாட்டாகவே போட்டார்கள். அப்புறம் யாழினி ஒரு மானை அடித்தாள். 24. பையைக் கவிழ்த்துத் தரையில் பரப்பி, ஒன்று ஒன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். எட்டு, ஒன்பது வரைக்கும் மற்ற மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினைந்துக்கு மேல் யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் மாடியில் உண்டியல் சத்தம் மட்டும்தான். இருபத்துநாலாவது கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மான் இவ்ளோ பெருசா அத்தை" என்றாள். அதுவரைக்கும் அவள் எத்தனையோ மிருகங்களைக் கொன்றிருக்கிறாள், எல்லாம் ஷீட்டில் ஒரு எண்ணாகப் போய்விட்டது.

இரண்டாவது ஞாயிறு சதுப்பு ஓரமாக ஒரு காட்டுப்பன்றியை வைத்தேன். வேட்டையாடக் கூடாது என்று நான் விதி எழுதவில்லை, என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். கருப்பி குரைக்கிறது, பன்றி நின்று பார்க்கிறது என்றேன். கீழ்வீட்டுப் பையன் "அடி, அடி" என்றான். அவள் வில்லைக் கீழே வைத்தாள். "இது அவ ஏறி வர்ற பன்றியா இருந்தா? அவ நடந்து போகணுமே." பகடைக்காரர் சொன்னபடி இன்ஸ்பிரேஷன் கொடுத்தேன்.

உங்கள் இன்னொரு எச்சரிக்கையும் நடந்தது. லோகு அண்ணன் ஒரு கொள்ளைக்காரனைக் கொன்றுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று 24 கொட்டை போட்டார். ஆட்டத்தில் மறுநாள் விடிந்தபோது அந்த 24 கொட்டையையும் எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் நெடுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கேரக்டர் அந்தக் கொள்ளைக்காரனுடைய ஊரைத் தேடிப் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் யோசித்தே பார்க்காத கதை, அடுத்த மாதம் அங்கேதான் போகிறோம்.

உண்டியல் திறந்தோம். ஒரு மான், இரண்டு நரி, ஒன்பது முயல், ஆக 54. 50க்கு வெள்ளாடு வந்தது. மீதி நாலைத் திருப்பி உண்டியலிலேயே போட்டார்கள், அடுத்த வருடத்துக்கு என்று. எங்கள் தெருவில் மணி என்று ஒரு நாய், மாடிப்படி அடியில்தான் படுக்கும். யாழினி முதல் நாளே பூக்காரம்மாவிடம் சொல்லி வைத்து ஒரு முழம் சாமந்தி வாங்கி வந்திருந்தாள். கழுத்தில் கட்டியதும் மணி இரண்டு தடவை தலையை உதறியது, அப்புறம் அப்படியே படுத்துக்கொண்டது. இரவு பால் பாக்கெட் எடுத்து வைக்க இறங்கியபோதும் மாலையோடுதான் தூங்கிக்கொண்டிருந்தது.

கல்தேடி தம்பி, அருங்காட்சியகத்துக்கு வருகிற சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். காளியின் கல்லுக்கும் பூ கொண்டு போகலாமா என்று கேட்கிறாள், உள்ளே விடுவார்களா?

பகடைக்காரரே, உங்களிடம் ஒன்று. அடுத்த காட்டில் கரடி வைத்திருக்கிறேன். ஆர்டியோவைப் பற்றி யாழினியிடம் சொல்லிவிட்டேன், அதுதான் இப்போது சிக்கல். "கரடி அவளோடதுன்னா, அந்தக் கொட்டையை எந்த உண்டியல்ல போடறது அத்தை?" என்கிறாள். இரண்டாவது உண்டியல் வாங்குவதா, ஒன்றிலேயே போட்டுப் பிரித்துக்கொடுப்பதா?